சர்க்கரை நோயாளிக்கு ‘பிஏடி’ (கால் தமனி நோய்) என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஐசிடி கோடு (code)?

கேள்வி: “அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகிறேன். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் கோடு போடும் ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் டீம். கால் ரத்தக்குழாய் நோய் வரும் சார்ட்டுகளில்தான் எனக்கு எரர் அதிகம். இப்போது கையில் இரண்டு இருக்கின்றன. முதல் சார்ட்டில் டாக்டர், ‘டைப் 2 டயாபடீஸ். பிஏடி, இடது காலில் கிளாடிகேஷன். சிலோஸ்டசால் தொடரவும்’ என்று எழுதியிருந்தார் (கிளாடிகேஷன் என்றால் நடந்தால் வரும் கால் வலி, சிலோஸ்டசால் அதற்கான மருந்து). இ11.51-உம் (சர்க்கரை நோயுடன் கால் ரத்தக்குழாய் நோய்) ஐ70.212-உம் (இடது கால் தமனியில் கொழுப்பு படியும் அதிரோஸ்கிளிரோசிஸ், கிளாடிகேஷனுடன்) கொடுத்தேன். இரண்டாவதை ஆடிட்டர் அடித்துவிட்டார். அடுத்த சார்ட் வாஸ்குலர் சர்ஜன் விசிட். அதே டைப் 2 டயாபடீஸ். முதல் பக்கத்துப் பிராப்ளம் லிஸ்ட்டில் ‘பிவிடி’ (கை கால் ரத்தக்குழாய் நோய்) என்று மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்து அசெஸ்மென்ட்டில் ‘இடது எஸ்எஃப்ஏ (தொடைத் தமனி) அதிரோஸ்கிளிரோசிஸ், நாள்பட்ட முழு அடைப்பு, கிளாடிகேஷன்’ என்று இருந்தது. இ11.51, ஐ70.212, ஐ70.92 மூன்றும் கொடுத்தேன். இ11.51 மட்டும் போதும் என்று எரர் போட்டிருக்கிறார்கள். எதை ஒப்புக்கொள்வது, எதற்கு ரிபட்டல் (எழுத்தில் மறுப்பு) போடுவது?”

முதல் சார்ட்டில் ஆடிட்டர் சொல்வது சரி, ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாவதில் நீங்கள் செய்ததுதான் சரி, தயங்காமல் ரிபட்டல் போடுங்கள். இரண்டு நோயாளிக்கும் நோய் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் டாக்டர் காரணத்தை எழுதவில்லை, இரண்டாமவர் எழுதியிருக்கிறார். தமனி நோய் கோடிங்கில் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும், படித்த பிறகு எழுதியிருப்பதற்கு மேல் ஒரு எழுத்துகூடக் கூட்டக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றை விடும்போதுதான் எரர் விழுகிறது.

முதல் சார்ட்டில் உங்களை ஏமாற்றியது உங்கள் நர்சிங் அறிவுதான். கால் தமனி அடைப்பு பெரும்பாலும் அதிரோஸ்கிளிரோசிஸால் வருவது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பிஏடி என்று கண்டதும் கை ஐ70-க்குப் போய்விட்டது. ஐசிடி-10-சிஎம் இன்டெக்ஸோ அப்படிப் போவதில்லை. பெரிஃபெரல் ஆர்ட்டீரியல் டிசீஸ் என்று தேடினால் ஐ73.9 என்ற பொதுக் கோடுதான் வரும். இன்டர்மிட்டென்ட் கிளாடிகேஷன் என்று தேடினாலும் அதே ஐ73.9. இரண்டையும் சேர்த்து ‘பிஏடி வித் கிளாடிகேஷன்’ என்று எழுதினாலும் ஐ70.21-க்குக் கதவு திறக்காது. ‘பெரும்பாலும்’ என்பதை வைத்து நாம் கோடு போட முடியாது. பீடி, சிகரெட் பழக்கத்தால் இளம் வயதிலேயே வரும் பர்ஜர் நோயும் கால் தமனியை அடைக்கும், அதற்கு ஐ73.1. டாகாயாசு ஆர்ட்டரைட்டிஸ் எம்31.4. இதயத்திலிருந்து ரத்தக்கட்டி உடைந்து ஓடிவந்து காலில் அடைத்தால் ஐ74.3. காரணம் எது என்று சொல்வது டாக்டரின் வேலை. ஐசிடி-10-சிஎம்-இன் அதிகாரபூர்வ கைட்லைன் முதல் பிரிவு ஏ.19 இதைத்தான் சொல்கிறது: நோய் இருக்கிறது என்று மருத்துவர் எழுதுவதே கோடுக்கு ஆதாரம்.

அதே சமயம், ‘அதிரோஸ்கிளிரோசிஸ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஐ70-ஐயும் விட்டுவிடுவீர்கள். ஐ70-க்குக் கீழே இன்க்ளூஷன் குறிப்பைப் படித்துப் பாருங்கள். ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ், ஆர்ட்டீரியோஸ்கிளிராட்டிக் வாஸ்குலர் டிசீஸ், அதிரோமா எல்லாம் அங்கே இருக்கின்றன. ஐ70.2-க்குக் கீழே மான்க்கபெர்க் ஸ்கிளிரோசிஸும் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரின் நடு அடுக்கில் கால்சியம் படிவது அது. டாக்டர் இவற்றில் ஒன்றைக் கால் தமனிக்கு எழுதியிருந்தால் போதும். கிராஃப்ட் (அடைப்பைத் தாண்டிப் போக வைத்த மாற்றுக் குழாய்) பற்றிப் பேச்சே இல்லையென்றால் சொந்தத் தமனி என்றே எடுத்துக்கொள்ளலாம், ‘நேட்டிவ்’ என்று தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து சர்க்கரை. முதல் சார்ட்டில் இ11.51 மட்டும் எப்படி நின்றது? ‘டயாபடீஸால் பிஏடி’ என்று டாக்டர் எங்கும் எழுதவில்லையே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். கைட்லைன் முதல் பிரிவு ஏ.15, ‘வித்’ விதி. இன்டெக்ஸில் டயாபடீஸுக்குக் கீழே ‘வித்’ என்ற வரியின் கீழ் வரும் நோய்களுக்கு, இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் தொடர்பு உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தொடர்பு இல்லை என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே பிரிக்கலாம். பெரிஃபெரல் ஆஞ்சியோபதி (கை கால் ரத்தக்குழாய் நோய்) அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிஏடி, பிவிடி, பெரிஃபெரல் ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ் மூன்றும் அதற்குள் அடங்கும் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் விளக்க இதழான கோடிங் கிளினிக் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆகவே சர்க்கரை நோயாளிக்கு வெறும் பிஏடி என்றால் இ11.51 மட்டும். கூடவே ஐ73.9 வேண்டாம், அது சொல்வதை இ11.51 ஏற்கெனவே சொல்லிவிட்டது.

உங்கள் இரண்டாவது சார்ட்டுக்கான விடையும் அதே 2018 கோடிங் கிளினிக்கில் இருக்கிறது. டயாபடீஸ் நோயாளிக்குக் கால் தமனி அதிரோஸ்கிளிரோசிஸ் என்று எழுதியிருந்தால் இ11.51-உடன் ஐ70.2-உம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இ11.51 எந்தக் கால் என்று சொல்லாது, வலியா புண்ணா என்றும் சொல்லாது. அந்த விவரம் முழுக்க ஐ70.2-இல் இருக்கிறது. முழு அடைப்புக்கு ஐ70.92, அது ஐ70.2-க்குப் பின்னால் வரும் கூடுதல் கோடு. ‘நாள்பட்ட’, ‘முழு’ இரண்டும் அசெஸ்மென்ட்டில் இருக்கின்றன. பிராப்ளம் லிஸ்ட்டில் பிவிடி என்று இருப்பதால் ஐ73.9 தனியாக வேண்டுமா என்று கேட்டால், கூடாது. ஐ73.9-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 போட்டு ஐ70.2-ஐ விலக்கி வைத்திருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து வராது.

ஐ70.2-இன் அடுக்கைப் புரிந்துகொண்டால் பாதி எரர் குறையும். அறிகுறி இல்லாமலோ விவரம் எழுதாமலோ இருந்தால் ஐ70.20. நடந்தால் வலி, நின்றால் போகும் என்றால் ஐ70.21. படுத்திருக்கும்போதே பாதத்தில் வலி என்றால் ஐ70.22. புண் வந்தால் வலது காலுக்கு ஐ70.23, இடது காலுக்கு ஐ70.24. கேங்க்ரீன் (திசு அழுகல்) என்றால் ஐ70.26. ஃபான்டேன் ஸ்டேஜ் ஒன்றிலிருந்து நான்கு வரை வாஸ்குலர் சர்ஜன்கள் எழுதுவதும் ஏறக்குறைய இதே ஏணிதான். ஆனால் ‘ஃபான்டேன் மூன்று’ என்று மட்டும் இருந்தால் அதை ரெஸ்ட் பெயின் என்று நீங்களாக மொழிபெயர்த்து ஐ70.22 போட வேண்டாம், டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்கள்.

இந்த ஏணியில் மேல்படி கீழ்ப்படியை விழுங்கிவிடும். ரெஸ்ட் பெயின் கோடில் கிளாடிகேஷன் அடக்கம், புண் கோடில் அந்த இரண்டும் அடக்கம், கேங்க்ரீன் கோடில் எல்லாமே அடக்கம். ஒரே காலுக்கு ஐ70.212-உம் ஐ70.245-உம் சேர்த்துப் போட்டால் எரர். வலது காலில் கிளாடிகேஷன், இடது காலில் புண் என்றால் இரண்டு கோடும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு காலும் தனித்தனியாக ஏணியில் ஏறுகிறது. இரண்டு காலும் ஒரே படியில் இருந்தால் மட்டும் ஆறாவது இடத்தில் 3. புண் கோடுகளில் இந்த ‘இரண்டு கால்’ வசதியே கிடையாது. அங்கே ஆறாவது எழுத்து புண் எந்த இடத்தில் என்று சொல்கிறது: தொடை, கெண்டை, கணுக்கால், குதிகாலும் நடுப்பாதமும், பாதத்தின் மற்ற பகுதி. கால் விரல் இந்தக் கடைசியில் சேரும்.

ஒரு விசிட் நோட்டை எடுத்து முழுவதும் போட்டுக் காட்டுகிறேன், பாடத்துக்காக நானே அமைத்தது. நோயாளிக்கு 68 வயது. டைப் 2 டயாபடீஸ், இன்சுலின் கிளார்ஜின், மெட்ஃபார்மின். தினமும் ஆஸ்பிரின். முன்பு சிகரெட், இப்போது இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. இடது கால் அதிரோஸ்கிளிரோசிஸ், இடது பெருவிரலில் ஆறாத புண் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். காயம் பார்க்கும் நர்ஸ் ‘கொழுப்பு அடுக்கு தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறார்.

தமனிக்கு இ11.51, ஐ70.245. ‘வித்’ பட்டியலில் பாதப்புண்ணும் இருப்பதால் இ11.621. புண்ணின் ஆழத்துக்கு எல்97.522. அந்தக் கடைசி 2 நர்ஸின் வரியிலிருந்து வந்தது, அதில் தவறில்லை. புண் இருக்கிறது என்பதை டாக்டர் எழுதியிருந்தால் போதும், ஆழத்தை மற்ற கிளினிஷியன்களின் குறிப்பிலிருந்து எடுக்கலாம் என்று முதல் பிரிவு பி.14 அனுமதிக்கிறது. இடதா வலதா என்பது டாக்டரின் குறிப்பில் விட்டுப்போயிருந்தால் அதையும் அவ்வாறே எடுக்கலாம், பி.13. பிறகு வலது கால் இழப்புக்கு இசட்89.511, இன்சுலினுக்கு இசட்79.4, மாத்திரைக்கு இசட்79.84, ஆஸ்பிரினுக்கு இசட்79.82, முன்னாள் புகைப்பழக்கத்துக்கு இசட்87.891. இன்சுலினும் மாத்திரையும் சேர்ந்து இருந்தால் இரண்டு இசட்79-உம் வேண்டும். அந்தப் புகைக் கோடைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐ70-இன் தலைப்பிலேயே புகையிலைக் கோடைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது.

இதே விரலில் டாக்டர் கேங்க்ரீன் என்று எழுதியிருந்தால் இ11.51 போய் இ11.52 வரும், ஐ70.245 போய் ஐ70.262 வரும். புண்ணுக்கான எல்97 அப்படியே கூட நிற்கும். கேங்க்ரீனுக்கு ஐ96 தனியாகப் போடக் கூடாது.

இன்னும் ஒன்று. இப்படிப்பட்ட நோட்டிலேயே உடல் பரிசோதனைப் பகுதியில் ‘இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு 2+, வீக்கம் இல்லை’ என்று வந்திருக்கும். வலது பாதமே இல்லாதவருக்கு! டெம்ப்ளேட் தானாக நிரப்பிய வரி அல்லது போன விசிட்டிலிருந்து நகல் எடுத்த வரி. இதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போகாதீர்கள். நோட்டுக்குள்ளேயே முரண் இருக்கும்போது எந்த வரி உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. க்வெரி அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள், பழைய சார்ட்டுகளைப் பார்க்கும் ரெட்ராஸ்பெக்டிவ் ப்ராஜெக்ட் என்றால் டீம் லீடிடம் சுட்டிக்காட்டுங்கள். கால் இழந்த ஒருவருடைய மிச்சமிருக்கும் காலைப் பற்றிய குறிப்பு அது. நாடி இயல்பு என்று சொல்லும் அந்த 2+ஐ அடுத்து பார்க்கும் டாக்டர் நம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சார்ட்டை நாம் பணத்துக்கான காகிதமாக மட்டும் பார்த்தால் இந்த வரி கண்ணிலேயே படாது.

ஏபிஐ பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண் கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருவது ஏபிஐ. 0.90-உம் அதற்குக் கீழும் நோயைக் காட்டும், 1.00 முதல் 1.40 வரை இயல்பு. சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளில் தமனி கால்சியத்தால் விறைத்துப்போய் 1.40-ஐத் தாண்டிக் காட்டும், அப்போது கால் விரல் அழுத்தத்தைத்தான் நம்ப முடியும். இவ்வளவும் தெரிந்திருந்தாலும் ‘ஏபிஐ 0.68’ என்பதிலிருந்து நீங்கள் பிஏடி போட முடியாது. டாப்ளர் ரிப்போர்ட்டில் ‘மோனோஃபேசிக்’ (அடைப்பைக் காட்டும் ரத்த ஓட்ட அலை) என்றிருந்தாலும், சிலோஸ்டசால் மருந்துப் பட்டியலில் இருந்தாலும் அப்படித்தான். அவுட்பேஷன்ட் விசிட்டில் ‘பிஏடி சந்தேகம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் செல்லாது, கைட்லைன் நான்காம் பிரிவு எச் அதைத் தடுக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டில் தனியாக நிற்கும் ரேடியாலஜி ரிப்போர்ட்டையே ஆதாரமாக எடுக்க முடியாது. நேருக்கு நேர் விசிட்டாக இருக்க வேண்டும், தேதியும் தகுதிப் பெயருடன் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

இந்த எண்களுக்கு உண்மையான பயன் க்வெரியில் இருக்கிறது. ‘இவருக்கு அதிரோஸ்கிளிரோசிஸ் என்று எழுத முடியுமா?’ என்று கேட்டால் அது டாக்டரை வழிநடத்துவது. ‘ஏபிஐ 0.68, இடது கெண்டையில் நடக்கும்போது வலி, பிஏடி என்று எழுதியிருக்கிறீர்கள், சிலோஸ்டசால் தொடர்கிறது. பிஏடிக்கான காரணம் தெரிந்தால் குறிப்பிடவும்’ என்று ஆதாரத்தை வைத்துவிட்டு, அதிரோஸ்கிளிரோசிஸ், வேறு காரணம், தீர்மானிக்க முடியவில்லை என்று தேர்வுகளைக் கொடுங்கள். பணத்தைப் பற்றியோ எச்சிசி (இன்ஷூரன்ஸ் பணத்தைக் கணக்கிட நோய்களைத் தொகுத்த பிரிவு) பற்றியோ ஒரு சொல்கூட அதில் வரக் கூடாது. அமெரிக்க மருத்துவ ஆவணத் துறை அமைப்புகளான ஏஹைமாவும் அக்டிஸும் சேர்ந்து வெளியிட்ட 2022 க்வெரி வழிகாட்டியை ஒரு முறை முழுவதும் படியுங்கள், நீளமில்லை.

எச்சிசி என்றதும் அதன் புதிய மாடலான வி28 வருகிறது. பழைய வி24 மாடலில் ஐ73.9-க்கும் ஐ70.0-க்கும் (அயோர்ட்டா அதிரோஸ்கிளிரோசிஸ்) மதிப்பு இருந்தது. எக்ஸ்ரேயில் அயோர்ட்டாவில் கால்சியம் என்று கண்டதையெல்லாம் நோயாக எழுதும் பழக்கம் அதனால் வளர்ந்தது. வி28-இல் அந்த இரண்டுக்கும் மதிப்பில்லை. புண்ணோ கேங்க்ரீனோ உள்ள கால் அதிரோஸ்கிளிரோசிஸுக்கு எச்சிசி 263 இருக்கிறது. இ11.51-க்கு வி28-இலும் மதிப்பு உண்டு, எச்சிசி 37-இல் இருக்கிறது, ஆனால் சர்க்கரை நோய்ப் பிரிவுகளான 36, 37, 38 மூன்றுக்கும் எடை ஒன்றே. பணக் கணக்கில் வி28-இன் பங்கு 2024-இல் 33 சதவீதம், 2025-இல் 67, 2026-இல் முழுமையாக வி28. உங்கள் ஆடிட்டர் ‘இ11.51 போதும்’ என்று சொன்னதற்கு இது ஒரு பின்னணியாக இருக்கலாம், கிளாடிகேஷன் கோடால் கூடுதல் மதிப்பு ஒன்றும் வரப்போவதில்லையே என்று. மதிப்பில்லாத கோடை எடுக்க வேண்டாம் என்று க்ளையன்ட் எழுத்தில் சொல்லியிருந்தால் அது ப்ராஜெக்ட் விதி, அதன்படி நடங்கள். அப்படி எழுத்தில் எதுவும் இல்லையென்றால், விவரமான கோடை விட்டுவிடுவது சுத்தமான வேலை ஆகாது.

கிராஃப்ட், ஸ்டென்ட் வந்த கால்களை மட்டும் தனி நாள் ஒதுக்கிப் படியுங்கள். பைபாஸ் கிராஃப்ட்டுக்குள்ளேயே அதிரோஸ்கிளிரோசிஸ் என்றால் ஐ70.3 முதல் ஐ70.7 வரை, கிராஃப்ட் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து மாறும். நோயாளியின் சொந்த வெய்ன் என்றால் ஐ70.4. கால் ஸ்டென்ட்டுக்குள் மீண்டும் சுருங்கியிருந்தால் டி82.856. ஸ்டென்ட் இருக்கிறது, வேறு தொல்லை இல்லை என்றால் இசட்95.820 மட்டும்.

நம் ஊர் சார்ட்டுகளையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெங்களூரு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நம் பெண்கள் சிலர் என்னிடம் இ11.51 ஏன் க்ளெய்ம் ஃபார்மில் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே க்ளெய்ம் ஃபார்மின் பகுதி பி-யில் கேட்கும் ஐசிடி-10, உலக சுகாதார அமைப்பின் பதிப்பு. அதில் இ11.5 வரைதான், கால்வாரியான பிரிவெல்லாம் கிடையாது. எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே புத்தகம் என்று நினைக்க வேண்டாம்.

இனி ரிபட்டல். சண்டைக் குரல் வேண்டாம், ஆனால் தழைந்து கேட்கவும் வேண்டாம். முதல் வரியில் விசிட் தேதி, பக்க எண். அடுத்து அசெஸ்மென்ட் வரியை டாக்டர் எழுதியபடியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம். அதன் கீழே மூன்று குறிப்பு: டயாபடீஸுடன் அதிரோஸ்கிளிரோசிஸ் இருந்தால் இரண்டு கோடும் என்ற 2018 கோடிங் கிளினிக் விளக்கம், ஐ70.2-இல் முழு அடைப்புக்குக் கூடுதல் கோடு போடச் சொல்லும் குறிப்பு, ஐ73.9-இன் எக்ஸ்க்ளூட்ஸ்1. ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட்டில் ஒவ்வொரு விசிட்டும் தன் காலில் நிற்க வேண்டும் என்பதால், இரண்டாவது சார்ட்டை ஆதாரமாகக் காட்டி முதல் சார்ட்டையும் மீட்கப் பார்க்காதீர்கள். அதில் ஐ70.212 விழுந்தது விழுந்ததுதான். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, இரண்டாவதை உங்கள் டீமின் கெடு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.